மரியாதை தெரிந்த போன்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், இந்தப் பக்கம் இருட்டில் நானும் ஹெப்சிபாவும். அவர்களுக்கு அது சுவரில் மாட்டிய பெரிய கண்ணாடி, எங்களுக்கு ஜன்னல். பார்த்துக்கொண்டிருப்போம், பேசுவதைப் பதிவு செய்வோம் என்று காலையிலேயே சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம், ஆனாலும் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள், எல்லாக் குடும்பமும் மறந்துவிட்டது, இது பதினேழாவது, இதுதான் கடைசி. பரசுராமன், ஐம்பத்திரண்டு வயது, பம்மலில் மோட்டார் பம்ப் விற்கிற கடை. மனைவி மங்கையர்க்கரசி, நாற்பத்தெட்டு, பள்ளிக்கூட ஆசிரியை. மகள் நிவேதா, கல்லூரியில் இரண்டாம் வருஷம். படிவத்தில் இருப்பது இவ்வளவுதான். அந்த அறையை வீட்டுச் சாப்பாட்டு அறை மாதிரி செய்து வைத்திருக்கிறோம், மேஜை, சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ், தேதி கிழிக்கிற காலண்டர், ஆனால் யாரும் கிழிப்பதில்லை, மூன்று மாதமாக அங்கே ஒரே வெள்ளிக்கிழமை. மேஜைமேல் ஆளுக்கொரு போன், நாங்கள் கொடுத்தது, அவர்களுடைய சிம்மைப் போட்டுக் கொடுத்தது. சுற்றி மனிதர்கள் பேசுகிற சத்தம் கேட்டால் அது தானாகவே அடங்கிவிடும். மணி அடிக்காது, அதிராது, வெளிச்சம் காட்டாது. கூப்பிடுகிறவருக்கு ஒரு பெண் குரல், இப்போது பேசிக்கொண்டிருக்கிறார், அவசரமென்றால் ஒன்றை அழுத்துங்கள் என்று சொல்லும். எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்துப் பார்த்தால், அவர் பேசி முடித்து இரண்டு நிமிஷம் ஆகிறவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்பு என்னுடைய யோசனை. வெறும் கறுப்பு, ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்பு, அதற்கு இரண்டு வருஷம் ஆனது. ஹெட்போனில் எல்லாம் பெரிதாகக் கேட்கிறது. நிவேதா அப்பளத்தை உடைத்தால் என் மண்டைக்குள் உடைகிறது. பரசுராமன் தண்ணீர் குடிப்பது என் தொண்டையில் இறங்குகிற மாதிரி இருக்கிறது. மங்கையர்க்கரசி சத்தமே இல்லாமல் சாப்பிடுகிறார், மற்ற இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, முகத்தை என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் கீழே, ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைத் துடைக்கச் சொல்லப்போகிறவர் மாதிரி. டீச்சர் அல்லவா, அப்படித்தான் பார்ப்பார்கள், எங்கள் கணக்கு டீச்சரும் அப்படித்தான் பார்ப்பார், பதில் வருமா வராதா என்று வாயையே.

மணி ஒன்று பத்து. இன்னும் முப்பது நிமிஷம் போல உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் படிவம், அப்புறம் ரிப்போர்ட், அப்புறம் எல்லாம் முடிந்தது, அடுத்த மாதம் போனை வெளியிடுகிற மேடை. மேடையில் முதலில் என் அக்காவின் படம் வரும். படம் கேட்டு நேற்று வந்த செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் ரகோத்தமன் எழுதியிருந்தார், உங்க அக்கா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா நல்லது குணாளன், ரொம்ப சோகமா வேண்டாம். அக்கா மகளிடம் கேட்டு வாங்கிவிட்டேன், ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, அக்கா பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள். எதுக்கு மாமா என்று அக்கா மகள் கேட்டிருக்கிறாள், அதற்கும் பதில் போடவில்லை. எதற்கு என்று சொல்வது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்கா போய் ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், மீட்டிங்கில் எல்லோரும் புதுப் போனுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேமரா, பேட்டரி, என் முறை வந்தபோது என்னிடம் எதுவும் இல்லை, வாய் தானாகவே, எங்க அக்கா என்கிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்தா, அப்ப என் போன் அடிச்சது, நான் எடுத்துட்டேன், அவ சொல்லாமலே போயிட்டா, அப்புறம் சொல்ல அவ இல்ல என்றது. ஹெப்சிபா அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரகோத்தமன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடிக்காம இருக்கத் தெரிஞ்ச போன் என்றார். அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார்கள், மரியாதை. அதிலிருந்து எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். போன் அடித்தது, எடுத்தேன். சொல்லச் சொல்ல அந்த மணிச்சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது, எந்த மெட்டு என்றுகூடச் சொல்லிவிடுவேன். போன் அடித்தது. போன் அடிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க என் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அங்கே யாரும் பேசவில்லை. சாம்பார் முடியப்போகிறது, இன்னும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவும் எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது, நாங்கள் எதிர்பார்க்காதது. போன் அடங்கினால் ஜனங்கள் பேசுவார்கள் என்று நினைத்தோம், அடங்கின போனுக்கு நடுவில் இவர்கள் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி சாப்பிடுகிறார்கள். மூன்றாவது குடும்பத்தில் ஒரு பெரியவர் எங்களுக்காகவே வானிலை பற்றிப் பேசினார். ஒன்பதாவது குடும்பத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பத்தாவது நிமிஷம் சண்டை போட்டார்கள், பேச்சு நடந்தது என்று ஹெப்சிபா குறித்துக்கொண்டாள், நல்ல மார்க். என் வீட்டில் எப்படி. என் மனைவி பிரேமா ஒரு தடவை சொன்னாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டே, நீங்க கேக்கறதில்லங்க, கேக்கற மாதிரி முகத்த வச்சுக்கறீங்க. அதற்கும் நான் தலையை ஆட்டினேன். ஆட்டினது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இப்போதும் இதோ பார்த்துக்கொண்டிருக்கிறேன், மங்கையர்க்கரசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொள்கிறார், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் நான் இருப்பது பள்ளிக்கரணை வீட்டில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிரேமா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தமயந்தி அக்கா கோவில்பட்டியிலிருந்து தனியாக வந்திருந்தாள், தாம்பரத்தில் ஏதோ கல்யாணம் என்று சொன்னாள், யார் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை, அப்படி ஒரு கல்யாணமே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. எனக்கு வத்தக்குழம்பு வைத்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். தம்பி, ஒண்ணு சொல்லணும்டா என்றாள். வலது கையை இடது அக்குளுக்குப் பக்கத்தில் புடவைக்குள் செருகி வைத்திருந்தாள், குளிருகிற மாதிரி, ஆடி மாதத்தில் பள்ளிக்கரணையில் யாருக்குக் குளிரும். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், பார்த்தேன். உடனே என் மனதில் வந்தது அத்தானின் குடி. திரும்பவும் குடித்துவிட்டு அடித்திருக்கிறார், இவள் இனிமேல் அங்கே போகமாட்டேன், உன்னோடு இருக்கிறேன் என்று சொல்லப்போகிறாள், இரண்டு அறை வீடு, பிரேமாவிடம் நான் எப்படிச் சொல்வது, எத்தனை நாள், எத்தனை வருஷம். இவ்வளவும் அவள் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள். நான் போனை எடுத்தேன். முக்கியமான மெயில்க்கா, ஒரு நிமிஷம். மெயில் ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் மழை வருமா என்று பார்த்தேன். அவள் ஊரில் மழை வருமா என்று, அவள் எதிரில் உட்கார்ந்திருக்க. வராது என்று போட்டிருந்தது. திரும்பவும் தேய்த்தேன், சென்னை, மதுரை, கையில் கிடைத்த ஊரெல்லாம். அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம்தான் இருக்கும், ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது, நெற்றியில் அடுப்பின் சூடு படுகிற மாதிரி தெரிந்தது, நான் நிமிரவில்லை. அப்புறம் எழுந்துவிட்டாள். சரிடா, நீ வேலையப் பாரு, தயிர் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

நான் நேத்தோட ஸ்கூல விட்டு நின்னுட்டேங்க. யார் சொன்னது. ஹெட்போனில் மங்கையர்க்கரசியின் குரல், கொஞ்சம் உரக்க, வகுப்பில் பேசுகிற மாதிரி. பரசுராமனின் கை சோற்றில் நிற்கிறது. நிவேதா நிமிர்ந்து, ஏம்மா, என்னாச்சு, பத்தொம்போது வருஷமா போயிட்டிருந்தியே என்கிறாள், வாயில் சோறோடு. ஹெப்சிபா என் முழங்கையைத் தொடுகிறாள், பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மங்கையர்க்கரசி மகளைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்க்கிறார். சொல்லணும்னு இருந்தேன், வீட்ல சொல்ல வாய்க்கல, எப்பப் பாத்தாலும் யாராவது ஏதாவது, இங்கதான் மூணு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கோம் என்கிறார். எங்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்துதான் அந்த அம்மாவுக்குத் தன் குடும்பம் ஒன்றாகக் கிடைத்திருக்கிறது. பரசுராமன் இடது கையால் மேஜையிலிருந்த போனை எடுக்கிறார். கறுப்பு. எங்கள் போன் சரியாக வேலை செய்கிறது, எதிரில் ஒருவர் பேசுகிறார், திரை எரியவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அவர் கீழே வைத்துவிடுவார், எல்லோரும் வைத்துவிட்டார்கள், நான்கு நொடி, அதிகமாகப் போனால் ஆறு நொடி. இவர் வைக்கவில்லை. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குனிந்து, கட்டைவிரலை அதன்மேல் வைத்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் விரலைக் கீழிருந்து மேலே தள்ளுகிறார். திரும்பத் தள்ளுகிறார். மழை வருமா என்று பார்க்கிறார். அவருக்குத் திரையே தேவையில்லை. எனக்கும் அன்றைக்குத் தேவையில்லை, கையில் செங்கல் இருந்திருந்தால் செங்கல்லைப் பார்த்திருப்பேன், செங்கல் இல்லையென்றால் உள்ளங்கையை. இரண்டு வருஷமாக நான் போனுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், போன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் குனிந்தபடி ஏதோ முணுமுணுக்கிறார், என்னங்க, என்ன சொன்னீங்க என்று மங்கையர்க்கரசி கேட்கிறார், அவர் தலையை ஆட்டுகிறார், ஒன்றுமில்லை என்கிற மாதிரி. அந்த அம்மா காத்திருக்கிறார். அதே காத்திருப்பு. நெற்றியில் படுகிற சூடு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்துகொள்கிறேன், அவர் என்னைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும். நிமிரும்போது அவர் ரசப் பாத்திரத்தை எடுத்துப் புருஷனின் தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ரசம் நல்லாருக்கு, ஊத்திக்கோங்க.

மதுரையில் அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்ன வயது டாக்டர் ஒருவர், ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பாத்திருக்கலாம் என்றார். அது டிசம்பர். நான் அங்கேயே விரலை மடக்கினேன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஐந்து. ஐந்துதான் வருகிறது, ஆறு வரவில்லை, அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமையே நேரம் கடந்துதான் இருந்தது, நான் கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, என் மேல் இல்லை. ஆனால் டாக்டர் ஒரு பேச்சுக்குத்தானே ஆறு என்றார். ஐந்து என்று யார் சொல்வார்கள். திரும்ப எண்ணினேன், ஜூலையைச் சேர்க்காமல், டிசம்பரைச் சேர்த்து. இப்போதும் சில நாள் பல் தேய்க்கும்போது எண்ணுகிறேன். ஒரு தடவை துணிந்து அவளிடமே கேட்டேன், முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். அக்கா, அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப ஏதோ சொல்ல வந்தியே, என்னக்கா அது. என்னிக்குடா என்றாள். ஆடி மாசம், வத்தக்குழம்பு வெச்சியே. கொஞ்ச நேரம் யோசித்தாள், யோசித்தாளா, யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாளா. ஞாபகமில்லடா, இந்தச் சுளை இனிக்குது, நீ ஒண்ணு தின்னு. தின்றேன். இனித்தது. பங்குனியில் போய்விட்டாள். மார்பில் இருந்த கட்டியைச் சொல்லத்தான் வந்தாளா, அத்தானைப் பற்றியா, மகள் படிப்பைப் பற்றியா, எதையும் இனிமேல் தெரிந்துகொள்ள முடியாது, தெரியாத ஒன்றை வைத்துத்தான் அந்த மீட்டிங்கில் கதை சொன்னேன், கதையில் குற்றவாளி போன், அதைத்தான் திருத்த வேண்டும், திருத்தினோம், சம்பளம் வாங்கினேன், பதினேழு குடும்பம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

முடிந்துவிட்டது. ஹெப்சிபா ஹெட்போனைக் கழற்றுகிறாள், முகம் மலர்ந்திருக்கிறது. பதினேழுக்குப் பதினேழு, குணா, முப்பத்தெட்டு நிமிஷத்துல ஒரு தடவகூடத் திரை எரியல என்கிறாள். அவர் கையில எடுத்தாரே என்கிறேன். எடுத்தார், ஆனா எரியலையே, எரியலைன்னா வெற்றி, நீங்க எழுதின விதிதானே. ஆமாம், நான் எழுதினதுதான். பார்க்கிறவன் கண் எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் இருட்டையே பாத்துட்டிருந்தார் ஹெப்சிபா, அத எழுதணும் என்கிறேன். அத எங்க எழுதறது, அதுக்குக் கட்டமே இல்லையே என்று தாளைத் திருப்பிப் பார்க்கிறாள். போன் அடிக்கல என்கிறேன். எந்த போன் என்கிறாள். எங்கக்கா பேசினப்ப. அது அடிக்கல. சும்மா கெடந்த போனை நானாத்தான் எடுத்தேன், அவ சொல்றதக் கேக்கப் பயந்துகிட்டு. அவள் என்னைப் பார்க்கிறாள். இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ. இந்தக் கதையச் சொல்லித்தான் எங்கப்பாவ சாப்பிடும்போது போனைத் தொடவிடாமப் பண்ணினேன் என்கிறாள். அப்புறம், அப்ப மேடையில என்ன சொல்லப் போறீங்க? போட்டோ குடுக்கப்போறதில்ல, ரகோத்தமன்கிட்ட நானே பேசறேன் என்கிறேன். இதைச் சொன்னால் ஏதோ இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. வேலை போகுமா, மேடை போகுமா, போகட்டும், அக்கா மகளுக்கு என்ன பதில் போடுவது, அதுதான் பயமாக இருக்கிறது. ஹெப்சிபா தாளை எடுத்து, கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பரசுராமன், கறுத்த திரையைப் பார்த்தார், தொண்ணூறு நொடி என்று எழுதுகிறாள். தொண்ணூறா என்கிறேன். எண்ணிட்டுத்தான் இருந்தேன் என்கிறாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போகிறேன். பரசுராமன் என் கையைக் குலுக்குகிறார், ஈரமான கை, நல்ல போன் சார், தொந்தரவே இல்ல என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். வண்டியை எடுக்கக் கீழே போகிறார், நிவேதாவும் பின்னாலேயே போகிறாள், வாசலில் திரும்பி அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு. மங்கையர்க்கரசி கையெழுத்துப் போட உட்கார்ந்திருக்கிறார். போட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. சார், அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நீங்கதானே இருந்தீங்க என்கிறார். ஆமாம்மா. நாங்க பேசினதெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கும். கேட்டுதும்மா. நான் ஸ்கூல விட்டுட்டேன்னு சொன்னப்ப அவர் குனிஞ்சுகிட்டே என்னமோ சொன்னார், என்ன சொன்னார் சார்? அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு வருஷமாவே காது கேக்கறது கொறஞ்சிட்டே வருது சார், வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன் என்கிறார். க்ளாஸ்ல பிள்ளைங்க எல்லாம் ஒண்ணாப் பேசினா எது கேள்வி, எது சிரிப்புன்னு தெரியல, போன வாரம் ஒரு பொண்ணு வயித்த வலிக்குதுன்னு சொல்லியிருக்கு, நான் வெரி குட், உக்காருன்னு சொல்லிட்டேன், அதான் நின்னுட்டேன், வீட்ல யாருக்கும் தெரியாது, அவர் குனிஞ்சுட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது, அவர் எப்பவும் குனிஞ்சுதான் இருப்பார். குரல் உடையவில்லை, பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறார். ஒரு வருஷம். வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை இல்லை, அதையும் பார்த்தேன், கணக்கு டீச்சரை நினைத்துக்கொண்டேன். என்ன சொன்னார் சார்? என்ன சொன்னார். என் காதில் ஹெட்போன் இருந்தது, அப்பளம் உடைவதுகூடக் கேட்கிற ஹெட்போன், அந்த முணுமுணுப்பு என் காதுக்குள் வந்துதான் இருக்கிறது, நான் அப்போது எங்கே இருந்தேன், என் செங்கல்லோடு இருந்தேன், என் மழையோடு. ஒண்ணும் முக்கியமா இல்லம்மா, சாப்பிடுன்னுதான் சொன்னார். இது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு எளிது, அந்த அம்மா எழுந்து போய்விடுவார், கீழே வண்டி நிற்கிறது. எனக்கும் கேக்கலைம்மா என்றேன். எனக்கு வேற நெனப்பு வந்துடுச்சு, கவனிக்கல. உங்களுக்குமா என்றார் அவர், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பதிவு இருக்கு, வாங்க என்றேன்.

இருட்டறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகத் தாங்கள் சாப்பிட்ட மேஜையைப் பார்த்தார், மூன்று எச்சில் தட்டு, ரசப் பாத்திரம். இவ்வளவு நல்லாத் தெரியுதா இங்கேருந்து என்றார். ஹெப்சிபா அந்த இடத்தைத் தேடி எடுத்து, முதலில் தான் ஒரு காதில் வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது. ஹெட்போனை என்னிடம் தந்தாள். கேட்டேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, வேறு எங்கேயும் போகாமல், போகப் பார்த்த மனதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு அந்த அம்மாவின் காதில் மாட்டிச் சத்தத்தை முழுக்கத் திருப்பினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். கையைக் காட்டினார், திரும்பப் போட்டோம். மூன்றாவது தடவை ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அப்புறம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் குரல்னு தெரியுது சார், என்னன்னு தெரியல, இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்றார். அதற்குமேல் கூட்ட முடியாது. விளக்கைப் போடச் சொன்னேன். ஹெப்சிபா போட்டாள், எங்கள் மூவரின் முகமும் வெளிறிப்போய்க் கண்ணாடியில் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன், எங்கள் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவர் என் வாயைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இதுவரை தெரியாது. நீ எதுக்கு நின்னேன்னு எனக்குத் தெரியும், ரொம்ப நாளாத் தெரியும், கேக்கத்தான் பயமா இருக்கு. அப்படிச் சொன்னார்மா என்றேன். வேறு ஒருவருடைய வார்த்தைகள், என் வாயில். கீழே ஒரு ஹாரன் அடித்தது, ஹெப்சிபா கதவுப் பக்கம் திரும்பினாள், அவர் திரும்பவில்லை, அவருக்குக் கேட்டிருக்காது. மெதுவாச் சொல்லுங்க, இன்னொரு தடவ என்றார். சொன்னேன்.